காரணம் எழுத வேண்டியதில்லை

மார்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நீதிபதி ஆரின் ஹாக்லண்டின் மேசைக்கு வந்த தபால்களில் ஒன்றின் மேல் 'ரகசியம்' என்று சிவப்பில் அச்சடித்திருந்தது. மாநிலத் தலைநகரிலிருந்து, நீதிபதிகளின் நடத்தையை விசாரிக்கும் ஆணையம் அனுப்பியிருந்த உறை. கெல்டன் கவுண்டி என்ற அந்தச் சிறு மாவட்டத்தின் நீதிமன்றத்தில் இருபத்துமூன்று வருஷம் உட்கார்ந்தவருக்கு அப்படியொரு உறை ஒரு நாளும் வந்ததில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தார்.

புகார் கொடுத்தவரின் பெயரைச் சொல்லவில்லை. விஷயம் மட்டும் இருந்தது. போன நவம்பர் பதினான்காம் தேதி, காரின் ஸ்டாட்லர் என்ற பெண் தன் கணவனிடமிருந்து பாதுகாப்பு ஆணை கேட்டுப் போட்ட மனு விசாரணைக்கு வந்தது. அவள் சொன்னது நீதிபதியின் காதில் விழவில்லை. விழாமலேயே மனுவைத் தள்ளிவிட்டார். இதுதான் புகார். கூடவே அன்றைய நடவடிக்கைக் குறிப்பிலிருந்து ஒரு பக்கம் இணைத்திருந்தார்கள்.

'மனுதாரர்: போன ஞாயித்துக்கிழமை ஷெட்டுலருந்து டயர் கழட்டுற இரும்பை எடுத்துட்டு வந்து காட்டினாரு. கோர்ட்டுக்குப் போனா இதாலதான் உன்கிட்ட பேசுவேன்னாரு.

நீதிபதி: சரி. வேற?

மனுதாரர்: வேற என்ன சொல்றது.

நீதிபதி: உங்களைக் குறிப்பா மிரட்டின மாதிரி ஏதாவது சொன்னாரா?

மனுதாரர்: இப்பத்தான் சொன்னேன். டயர் இரும்பு.

நீதிபதி: நல்லது. குறிப்பான மிரட்டல் எதுவும் சொல்லப்படாததால் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.'

அந்த 'நல்லது' என்ற சொல்லிலேயே அவர் கண் நின்றுவிட்டது. அவர் சொன்ன சொல்தான். எதிரில் இருப்பவர் பேசி முடித்துவிட்டார் என்று வாய் அசைவு நின்றதை வைத்துத் தெரிந்துகொண்டு, கேட்டதாகக் காட்டுவதற்காகச் சொல்கிற சொல். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது சொல்லியிருப்பார்.

அந்தப் பிற்பகல் அவருக்கு நினைவிருந்தது. ஜன்னலடியில் நீராவிக் குழாய் சீறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தனியாக வந்திருந்தாள். தலையைக் குனிந்து, முடி முகத்தில் விழ, தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். உதடு தெரியவில்லை. நான்கடி தள்ளி அவள் கணவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

ஒன்பது நாள் கழித்து அவன் அதே இரும்பால் அவளுடைய தாடையையும் இடது மணிக்கட்டையும் உடைத்தான். ஊர் வாரப் பத்திரிகையில் அது வந்தபோது ஹாக்லண்ட் காலை உணவு மேசையில் அதைப் படித்துவிட்டு மனைவி வெர்னாவிடம் சொன்னார்: "இந்தப் பொண்ணு கோர்ட்ல வாயையே திறக்கல. திறந்திருந்தா ஆணை போட்டிருப்பேன்." நான்கு மாதம் அதை நம்பிக்கொண்டும் இருந்தார்.

காது போக ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. முதலில் இடது, பிறகு வலது. மெல்லிய குரல்கள் முதலில் போயின. பெண்கள் குரல், குழந்தைகள் குரல், 'ச'வும் 'ஸ'வும். ஆண் வக்கீல்கள் பெரும்பாலும் கத்தித்தான் பேசுவார்கள் என்பதால் வண்டி ஓடியது. மீதியை அவர் சாமர்த்தியத்தால் ஒப்பேற்றினார். எதையும் எழுத்தில் கொடுங்கள் என்பார். "பதிவுக்காக இன்னொரு தடவை சொல்லுங்க" என்பார். உதடுகளைப் படித்தார். காதுக் கருவி வாங்கு என்று வெர்னா வருஷா வருஷம் சொன்னாள். கருவியோடு மேடையில் ஏறினால் தோற்ற வக்கீல் ஒவ்வொருவனும் அதையே காரணம் காட்டி மேல்முறையீட்டுக்குப் போவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பாதி உண்மை. மீதிப் பாதி, ஆறடி இரண்டங்குல உயரத்தில் விறைப்பாக நடக்கும் மனிதருக்கு, காதில் பிளாஸ்டிக்கோடு கண்ணாடியில் தன்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தலைநகருக்குக் காரோட்டிப் போனார். ஆணையத்தின் வழக்கறிஞர் வெஸ்லி கார்ப், நாற்பது வயதுக்காரர், நல்ல வேளையாகக் கணீரென்று பேசினார். காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு ஒரு மெல்லிய புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். நீதிபதிகள் ஓய்வு பெறுவதற்கான விதிகள்.

"இதுல ரெண்டு கதவு இருக்கு, ஜட்ஜ்," என்றார் கார்ப். "ஒண்ணு, விருப்ப ஓய்வு. அறுபத்திரண்டு வயசும் இருபது வருஷ சர்வீஸும் முடிஞ்சிருந்தா போதும். உங்களுக்கு ரெண்டும் இருக்கு. தலைமை நீதிபதிக்கும் கவர்னருக்கும் அறுபது நாள் முன்னாடி ஒரு கடிதம். காரணம் எழுத வேண்டியதில்ல."

"இன்னொண்ணு?"

"உடல்நிலைக் குறைவால ஓய்வு. அதுக்கு டாக்டர் சான்றிதழ் வேணும். என்ன குறை, எப்பலேருந்துன்னு எழுதணும். அது பொது ஆவணம். யார் கேட்டாலும் குடுப்பாங்க."

"இந்தப் புகார் என்ன ஆகும்?"

"முறையான குற்றச்சாட்டு நாங்க இன்னும் பதிவு பண்ணல. அதுக்குள்ள நீங்க விருப்ப ஓய்வுக் கடிதம் குடுத்துட்டா, ஃபைலை மூடி முத்திரை வெச்சிடுவோம். யாருக்கும் தெரியாது. அந்தப் பொண்ணுக்கும் தெரியாது. விதி அப்படி." கார்ப் மேசை மேலிருந்த பேனாவைத் தள்ளி வைத்தார். "கடிதம் குடுத்த பதினஞ்சு நாளைக்குள்ள மனசு மாறினா வாபஸ் வாங்கிக்கலாம். நான் இங்க வந்து பதினோரு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் யாரும் வாங்கினதில்ல."

ஹாக்லண்ட் ஒரு கேள்விதான் கேட்க வேண்டியிருந்தது: அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்? அதைக் கேட்கவில்லை. நன்றி சொல்லிக் கைகுலுக்கிவிட்டு வந்தார். திரும்பும் வழியில் நூற்றுப்பத்து மைல் தூரமும், தப்பித்தோம் என்ற எண்ணம் நெஞ்சில் சுகமாகப் படுத்திருந்தது. அது அவமானமாக மாறுவதற்கு இன்னும் சில நாள் பிடித்தது.

வீட்டில், புகாரைப் பற்றி வெர்னாவிடம் சொல்லவில்லை. ஓய்வு பெறப் போகிறேன் என்று மட்டும் சொன்னார்.

"நெசமாவா?" என்றாள் அவள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று, வழக்கம்போல உரக்கப் பேசினாள். "அறுபத்தாறு வயசுல ஒருவழியா புத்தி வந்துச்சா? முதல் வேலையா அந்தக் காதைப் போய்க் காட்டு. உன்கிட்ட ஒரு ரகசியம் சொல்லணும்னா பக்கத்து வீட்டு நாய் எழுந்து குலைக்குது."

"காட்டலாம் காட்டலாம்."

"மே மாசம் டூசான்ல பொண்ணு வீட்டுக்குப் போயிடலாம். நான் இன்னிக்கே அவளுக்கு போன் பண்றேன்." அவள் சந்தோஷத்தைப் பார்த்து அவரும் சிரித்து வைத்தார்.

திங்கட்கிழமை கடிதத்தை நோரீன் ப்ளாஹாவிடம் தட்டச்சு செய்யக் கொடுத்தார். நோரீன் அவருடைய சுருக்கெழுத்தர். பத்தொன்பது வருஷமாக மேடைக்குக் கீழே அவர் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்து நீதிமன்றத்தில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் சின்ன இயந்திரத்தில் அடிப்பவள். அவர் ஒரு சொல்லைத் தவறவிட்டதாகத் தோன்றினால், யாரும் கேட்காமலேயே "சாட்சி சொன்னதைப் படிக்கட்டுமா, யுவர் ஆனர்?" என்பாள். சில சமயம் மஞ்சள் தாளில் எழுதி மேலே நீட்டுவாள். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

கடிதம் ஒரே வாக்கியம்: 'என் சொந்த விருப்பத்தின் பேரில், மே மாதம் இருபதாம் தேதியிலிருந்து ஓய்வு பெறுகிறேன்.' நோரீன் அதை இரண்டு தடவை படித்தாள்.

"சொந்த விருப்பம்னே இருக்கட்டுமா, ஜட்ஜ்?"

"விதியில அப்படித்தான் இருக்கு."

அவள் அடித்துக் கொடுத்தாள். கையெழுத்துப் போடும்போது அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கோர்ட்ல எவனோ ஒரு கோள்மூட்டி இருக்கான், நோரீன். பெயரைப் போடக்கூட தைரியமில்ல." நோரீன் பதில் சொல்லவில்லை. அல்லது சொல்லி, அது அவர் காதில் விழவில்லை. உறையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கவுண்டி வக்கீல் சங்கத்தின் வசந்தகால விருந்து அடுத்த வாரமே இருந்ததால், நீதிபதியின் பிரிவுபசாரத்தையும் அதோடு சேர்த்துவிட்டார்கள். அது கடிதம் கொடுத்த பதினோராவது நாள். நீதிமன்றத்தின் கீழ்த்தளத்து அறையில் நீள மேசைகள் போட்டு, பன்றி இறைச்சி வைத்த ரொட்டிகள், உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் போட்டுச் சுட்டெடுத்த தட்டுகள், நீதித் தராசு வரைந்த பெரிய சதுரக் கேக் என்று வைத்திருந்தார்கள். அறுபது எழுபது பேர் ஒரே நேரத்தில் பேசியதில் அவருக்கு அறை முழுக்க ஒரே இரைச்சல். தண்ணீருக்கடியில் நிற்பது போலிருந்தது. வந்தவர்கள் தோளைத் தட்டினார்கள். அவர் தலையாட்டினார், சிரித்தார், "நல்லது, நல்லது" என்றார். மூன்றாவது 'நல்லது'க்குப் பிறகு அந்தச் சொல் நாக்கிலேயே கசந்தது.

மூத்த வக்கீல் ஹாலிஸ் ப்ரூவர் கேக் வெட்டுவதற்கு முன்னால் கரண்டியால் கோப்பையைத் தட்டினார். ஒலிபெருக்கி இருந்ததால் அவர் பேசியது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"எனக்கு வேற ஜட்ஜுங்க கிட்டயும் பழக்கம் உண்டு. நாம வாயைத் திறக்கறதுக்குள்ள தீர்ப்பை எழுதி வெச்சிருப்பாங்க. ஆரின் அப்படி இல்ல. குறுக்கிடவே மாட்டார். எவ்வளவு ஏழையா இருந்தாலும், எவ்வளவு உளறினாலும், கடைசி வரைக்கும் தலையாட்டிக்கிட்டே பொறுமையா காது குடுத்துக் கேட்ட மனுஷன். இந்த மாவட்டத்துல அப்படி ஒரு காது இனிமே கிடைக்காது."

எல்லாரும் கைதட்டினார்கள். வெர்னாவும் தட்டினாள், ஆனால் அவள் புருவம் லேசாகச் சுருங்கியிருந்தது. ஹாக்லண்டுக்குக் கழுத்திலிருந்து காது நுனி வரை கொதித்தது. கூச்சப்படுகிறார் என்று நினைத்து யாரோ சிரித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் பின்வரிசையில் நோரீன் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போவதைப் பார்த்தார். போகும்போது அவள் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அருவருப்பு இருந்தது. அது அவர் மேலா, தன் மேலேயா என்று தெரியவில்லை.

அந்த நிமிஷத்தில் அவருக்குப் புரிந்தது. நவம்பர் பதினான்காம் தேதி அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்தே பேர். அவர், அந்தப் பெண், அவள் கணவன், வாசலில் தூங்கி வழிந்த காவலர், நோரீன்.

கேக்கை வெட்டிவிட்டு, கழிப்பறைக்குப் போகிறேன் என்று மாடிப்படி ஏறினார். நீதிமன்ற அறையில் விளக்கு எரிந்தது. நோரீன் தன் இடத்தில் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவர் அவளுக்கு எதிரே, சாட்சிகள் நிற்கும் இடத்தில் போய் நின்றார். அவள் முகம் தெரிகிற இடம் அதுதான்.

"நீதானே?" என்றார்.

"நான்தான்," என்றாள் அவள், உதடுகளை நன்றாக அசைத்து. "பெயரைப் போட்டுத்தான் குடுத்தேன். உங்களுக்கு அனுப்பறப்ப அவங்க எடுத்துட்டாங்க. கோள்மூட்டின்னு சொன்னீங்களே, அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"என்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாமே, நோரீன். பத்தொன்பது வருஷம்."

"எத்தனை மஞ்சத் தாள் நீட்டியிருக்கேன்? அதுக்கு மேல எப்படிச் சொல்றது?" அவள் குரல் உயர்ந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை, கழுத்து நரம்பு தெரிந்தது. "அன்னிக்கும் எழுதினேன், ஜட்ஜ். 'டயர் இரும்பைக் காட்டி மிரட்டல்'னு எழுதி வெச்சேன். நீட்டல."

"ஏன்?"

"அதுக்கு முந்தின வாரம் ப்ரூவர் முன்னாடி நீட்டினப்ப, 'நோரீன், இங்க ஜட்ஜ் யாரு'ன்னு கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அந்த ரோஷம். இந்தத் தடவை இவரே தடுமாறட்டும்னு தாளைக் கைக்கடியில வெச்சுக்கிட்டேன். நீங்க 'நல்லது'ன்னீங்க. தள்ளுபடின்னீங்க. முடிஞ்சு போச்சு." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "புகார்ல அதையும் எழுதியிருக்கேன். உங்களுக்கு அனுப்பினதுல அந்தப் பக்கம் இருந்திருக்காது."

ஹாக்லண்ட் சாட்சிக் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். அந்த 'ஜட்ஜ் யாரு' அவருக்கு நினைவுகூட இல்லை.

"அவ எப்படி இருக்கா?" என்று ஒருவழியாகக் கேட்டார்.

"தாடை கூடிருச்சு. அவன் மேல கிரிமினல் கேஸு பக்கத்துக் கவுண்டி ஜட்ஜ்கிட்ட ஜூன்ல வருது. அவ சாட்சி சொல்ல மாட்டேங்கறா. அரசு வக்கீல் ஆபீஸ்ல உதவிக்கு இருக்கற பொண்ணு என் தங்கச்சி மகதான். அவகிட்ட சொல்லியிருக்கா: 'நான் சொன்னேன், ஜட்ஜ் என் முகத்தப் பார்த்துத் தலையாட்டிட்டே நம்பல. மறுபடி எதுக்குப் போய் சொல்லணும்?'" நோரீன் கோட்டுப் பொத்தானைப் போட்டாள். "உங்களுக்குக் காது கேக்காதுன்னு அவளுக்குத் தெரியாது. ஃபைலை மூடிட்டா இனிமே தெரியவும் தெரியாது. நம்பலன்னே நினைச்சுக்கிட்டிருப்பா."

கீழே இறங்கி வந்தபோது வெர்னா அவருக்காகக் கேக் எடுத்து வைத்திருந்தாள். அதைத் தின்றார். காரில் ஏறி உட்கார்ந்த பிறகு, சாவியைப் போடாமல், எல்லாவற்றையும் சொன்னார். இடையில் ஒரு தடவைகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால் அவள் என்ன சொன்னாள் என்பதும் தெரியவில்லை. சொல்லி முடித்துத் திரும்பியபோது அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"வாயையே திறக்கலன்னு சொன்னியே," என்றாள். "அதை நான் மளிகைக் கடையில ரெண்டு பேர்கிட்ட சொல்லியிருக்கேன், ஆரின். எம் புருஷன் மேல தப்பில்ல, அந்தப் பொண்ணுதான் வாயத் திறக்கலன்னு."

அவர் சாவியைப் போட்டு வண்டியை எடுத்தார்.

மறுநாள் சனிக்கிழமை, கார்ப்பின் கைபேசிக்குப் பேசினார். வெர்னா பக்கத்தில் இருந்து, கார்ப் சொல்வதைத் தாளில் எழுதிக் காட்டினாள். தன் வீட்டில் தன் மனைவி கையால் எழுதியதைப் படித்துத்தான் அவர் பேச வேண்டியிருந்தது.

"வாபஸ் வாங்கணும்னா செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள," என்றார் கார்ப். "வாங்கிட்டு, உடல்நிலைக் குறைவுன்னு மறுபடி போடலாம். ஆனா யோசிச்சுக்கோங்க. ஃபைல் திறந்தே இருக்கும். ஆறு வருஷத்து வழக்கெல்லாம் நோண்டுவாங்க. பேப்பர்ல வரும். கண்டிச்சு எழுதுவோம், வேற வழியில்ல. அவ அடிபட்டது பட்டதுதான். நீங்க இப்ப இதைப் பண்றதால அது மாறாது."

"தெரியும்," என்றார் ஹாக்லண்ட். "திங்கக்கிழமை டாக்டரைப் பார்க்கறேன்."

தலைநகரில் காது பரிசோதிக்கும் பெண், கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொன்னாள். அவர் காத்திருந்தார். வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அவள் கை குமிழ்களைத் திருப்பிக்கொண்டே இருந்தது. அவள் கையைப் பார்த்து, திருப்பும்போதெல்லாம் பொத்தானை அழுத்தினால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. ஆறு வருஷப் பழக்கம். கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "எப்பலேருந்து இப்படி இருக்குன்னு போடட்டும்? பல பேர் போன மாசம்தான் தெரிஞ்சதும்பாங்க."

"ஆறு வருஷம்னு போடுங்க. தெரிஞ்சே இருந்தேன்னும் போடுங்க."

"அதுக்கு இதுல இடம் இல்லீங்க. குறிப்புல எழுதறேன்."

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. ஒன்று வாபஸ். மற்றது உடல்நிலைக் குறைவால் ஓய்வு. அதில் சான்றிதழோடு, நவம்பர் பதினான்காம் தேதி நடந்ததைத் தன் கையாலேயே ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்திருந்தார். மிரட்டல் சொல்லப்பட்டது, இரண்டு தடவை சொல்லப்பட்டது, தனக்குக் கேட்கவில்லை, கேட்காததை மறைத்தேன் என்று. நோரீனுடைய மஞ்சள் தாளைப் பற்றி அதில் எழுதவில்லை. அது அவள் சொல்ல வேண்டியது, அவள் சொல்லிவிட்டாள்.

பத்திரிகை அடுத்த வியாழக்கிழமையே போட்டது. முதல் பக்கம். 'கேட்காமலே தீர்ப்பு.' அதற்குப் பிறகு நடந்தவை அவர் எதிர்பார்த்ததுதான் என்றாலும், எதிர்பார்ப்பதும் படுவதும் ஒன்றல்ல. நாற்பத்தோரு வழக்குகளை மறுபடி பார்க்க வேண்டும் என்று மனுக்கள் வந்தன. ஹாலிஸ் ப்ரூவர் அஞ்சலகத்தில் அவரைப் பார்த்ததும், கையிலிருந்த தபாலை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார். ஹாக்லண்டின் தீர்ப்பால் குழந்தையை வளர்க்கும் உரிமையை இழந்த ஒரு தகப்பன் வீட்டு வாசலுக்கே வந்து, கத்தாமல், "என் கேஸ்லயாவது கேட்டுதா?" என்று கேட்டான். அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னார். அவன் படி இறங்கிப் போனான். டூசான் பயணத்தை வெர்னா ரத்து செய்தாள். "ஓடிப் போன மாதிரி இருக்கும்" என்றாள்.

காரின் ஸ்டாட்லரைப் பார்க்க வேண்டும் என்று அரசு வக்கீல் ஆபீஸ் மூலம் சொல்லி அனுப்பினார். வேண்டாம் என்று இரண்டு தடவை பதில் வந்தது. மூன்றாவது தடவை, "நான் வேலை செய்யற கடைக்கு வரச் சொல்லுங்க. நாலு பேர் இருக்கற நேரத்துல" என்று வந்தது.

மாட்டுத் தீவனமும் வேலிக் கம்பியும் விற்கும் கடை. அவள் கல்லாவில் நின்றாள். முப்பது வயது இருக்கும்; நீதிமன்றத்தில் அவர் அவளுடைய தலை வகிடைத்தான் பார்த்திருந்தார். இப்போது முகத்தைப் பார்த்தார். தாடையின் இடது பக்கம் லேசாக உள்வாங்கியிருந்தது. அவருடைய காதுகளில் புதுக் கருவிகள் இருந்தன. கதவு மணி, தரையில் பூட்ஸ் தேயும் ஓசை, யாரோ மூக்கை உறிஞ்சுவது எல்லாம் அளவுக்கு மீறிக் கேட்டன.

வழியில் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. "நீங்க சொன்னீங்க," என்றார். "எனக்குக் காது கேக்கல. ஆறு வருஷமா கேக்கல. கேட்ட மாதிரி நடிச்சேன். நீங்க சொன்னதை நம்பாம இல்ல. எனக்கு வந்தே சேரல."

அவள் அவர் காதுகளைப் பார்த்தாள். பேசும்போது அவள் வாய் ஒரு பக்கமாகத்தான் திறந்தது.

"நான் ரெண்டு தடவை சொன்னேன்."

"ஆமா. பதிவுல இருக்கு."

"நீங்க தலையாட்டினீங்க."

"ஆட்டினேன்."

"வீட்டுக்குப் போற வழியெல்லாம் நான் என்ன வார்த்தை தப்பா சொன்னேன்னு யோசிச்சேன். ஆஸ்பத்திரில தாடையை வயர் போட்டுக் கட்டியிருந்தாங்க. ஆறு வாரம். பேச முடியாது. அப்பவும் அதான் யோசனை. அழுதுக்கிட்டே சொல்லியிருக்கணுமோ, இல்ல நல்ல சட்டை போட்டுட்டு வந்திருக்கணுமோன்னு." அவள் நிறுத்தினாள். "ஒரு வார்த்தை, கேக்கல, இன்னொரு தடவை சொல்லும்மான்னு கேட்டிருந்தீங்கன்னா?"

"கேட்டிருக்கணும்."

"ஏன் கேக்கல?"

அவருக்குப் பின்னால் தீவன மூட்டையோடு ஒரு விவசாயி வந்து நின்றிருந்தான். கேட்டுக்கொண்டிருந்தான். "வெட்கமா இருந்துச்சு," என்றார் ஹாக்லண்ட்.

காரின் ஸ்டாட்லர் தலையசைத்தாள், மன்னித்ததாக அல்ல. கணக்குச் சரியாக வந்ததைப் பார்ப்பவள் போல. "வந்து சொன்னீங்க, சரி," என்றாள். "எனக்கு உங்களைப் பார்த்துக்கிட்டு நிக்க முடியல. அவருக்கு வழி விடுங்க." அவர் நகர்ந்தார். அவள் மூட்டையின் சீட்டைப் படித்து விலை அடிக்க ஆரம்பித்தாள்.

ஜூன் மாதம் அவள் சாட்சி சொன்னாள். அவர் அங்கே போகவில்லை. நோரீன்தான் தொலைபேசியில் சொன்னாள். மஞ்சள் தாளை நீட்டாமல் வைத்துக்கொண்டதற்காக நோரீனுக்கு ஆணையம் எழுத்தில் கண்டனம் கொடுத்திருந்தது, வேலை போகவில்லை. விருந்து நாளுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"முக்கால் மணி நேரம் சொன்னா," என்றாள் நோரீன். "எல்லாத்தையும் சொன்னா. அவனுக்கு ஏழு வருஷம்."

"உரக்கச் சொன்னாளா?"

"இல்ல. எப்பவும் போல மெதுவாத்தான். ஜட்ஜ் நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டாங்க. ரெண்டு தடவை நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னாங்க. அவ்வளவுதான், ஆரின். அவ்வளவு சாதாரண விஷயம்."

பத்தொன்பது வருஷத்தில் அவள் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அவர் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள்.

அந்தக் கோடை முழுக்க அவர் மளிகைக்குப் பதினெட்டு மைல் தள்ளி, தன்னைத் தெரியாத ஊருக்குப் போய் வந்தார். வெர்னா இரண்டு மூன்று தடவை கூட வந்தாள். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கார் சாவியை எடுத்தவரிடம், "நான் இங்கதான் வாங்கப் போறேன். வர்றதுன்னா வா" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். அவர் சிறிது நேரம் வாசலில் நின்றார். பிறகு கதவைப் பூட்டிவிட்டு அவளுக்குப் பின்னால் போனார். கடைக்குள் போனார்கள். ரொட்டி அடுக்குக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் அவரைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்துக் கிசுகிசுத்தார்கள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. வெர்னா அவர்களிடம் போய், அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை என்று போன வருஷம் இதே கடையில் அவர்களிடம் தான் சொன்னது தப்பு என்று தெளிவாகச் சொன்னாள். அவர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் சொல்லி முடிக்கும் வரை அங்கேயே நின்றார்.